முதல் மழை யாருக்கு?

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். முதலில் நலம் விசாரித்தார், பிறகு மருமகளைப் பற்றிக் குறை சொன்னார், கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்கென்ன மேடம், மலைல இருக்கீங்க. கதவைத் திறந்தா மழை. எங்கள மாதிரி தண்ணி லாரிக்குக் காவல் காக்கணுமா, என்ன?"

ஹி... ஹி... என்று சிரித்து வைத்தேன். அவர் என்மேல் பொறாமைப்படுகிறார். பாவம், நான் யார்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். என் ஓரகத்தி புஷ்பாமேல்.

முதலில் ஊர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கேத்தியில், பள்ளத்தாக்கைப் பார்த்த மேட்டில் இருக்கிறது. மழை பெய்யும். நன்றாகவே பெய்யும். ஆனால் நிற்குமா? எங்கள் தலையை நனைத்துவிட்டு, கேரட் தோட்டத்தை நனைத்துவிட்டு, ஓடையில் விழுந்து, விழுந்தடித்துக்கொண்டு கீழே போய்விடும். குழாய்த் தண்ணீரோ எங்கள் மேட்டுத் தெருவுக்கு ஏறி வர மூச்சு வாங்கும். வெளியே சாரல் சரசரவென்று அடிக்கும்... உள்ளே குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று வரும். மழையில் நனைந்துகொண்டே காலிக் குடத்தோடு நடந்த அனுபவம் உண்டா உங்களுக்கு? எனக்கு உண்டு.

இப்போது வீடு. என் மாமனார் சமவெளியிலிருந்து ஏறி வந்து உருளைக்கிழங்கு வியாபாரம் பார்த்தவர். அவர் கட்டிய கிழங்குக் கிடங்கைத்தான் குறுக்கே ஒரு சுவர் வைத்து இரண்டு வீடாக்கினார்கள். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. அண்ணன் என் வீட்டுக்காரர். எந்தப் பக்கம் வேண்டும் என்று மூத்தவளான என்னைத்தான் முதலில் கேட்டார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. ரோட்டுப் பக்கம்! ஆட்டோ வாசலுக்கே வரும். ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் கௌரவமாக இருக்கும். பின்பக்கம் என்ன இருக்கிறது? கிழங்கு கொட்டி வைக்கிற ஒரு பெரிய குழிதான் இருந்தது. குழி வைத்த வீட்டை எவளாவது கேட்டு வாங்குவாளா? புஷ்பா ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிக்கொண்டாள்.

நான் தரையைப் பார்த்தேன். மேலே அண்ணாந்து பார்க்கவில்லை.

கிடங்குக்குக் கூரை ஒரே சரிவு. ரோட்டுப் பக்கம் உயரம், பள்ளத்துப் பக்கம் தாழ்வு. அப்படியென்றால் என்ன அர்த்தம்? என் தகரத்தின்மேல் விழுகிற மழை, என் தலைக்குமேல் தடதடவென்று ஓடி, சுவரைத் தாண்டி, புஷ்பா வீட்டுக் கூரை விளிம்பில், அந்த இறவாணத்தில் போய் இறங்கும். சத்தம் எனக்கு. தண்ணீர் அவளுக்கு.

அவள் சும்மா இருந்தாளா? இறவாணம் நெடுக ஒரு பைப்பை நீளவாக்கில் அறுத்துக் கட்டினாள். அதைக் கீழே இறக்கி ஜல்லி, கரி, மணல் போட்ட ஒரு டிரம்முக்குள் விட்டாள். அங்கிருந்து நேராகக் குழிக்கு. நான் வேண்டாம் என்று கழித்துக்கட்டின அதே குழி! உள்ளே சிமென்ட் பூசி, மேலே பலகைபோல் சிலாப் போட்டு மூடி, தொட்டியாக்கிவிட்டாள். ஐப்பசி மழையில் நிரப்பினால் சித்திரை வரைக்கும் கவலை இல்லை.

நான் குடம் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் பின்பக்கம் அவள் துணி துவைக்கிற சத்தம் கேட்கும். சளக்... சளக்... வேண்டுமென்றே சத்தமாகத் துவைக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"என் மழையில துணி துவைக்கறா பாருங்க" என்பேன் வீட்டுக்காரரிடம்.

"மழையில பேரா எழுதியிருக்குது?" என்பார் அவர். தம்பிப் பாசம்.

எழுதத்தான் இல்லை. ஆனால் பாதிக் கூரை என்னுடையதுதானே? பங்கு பிரித்தபோது அண்டா பிரித்தார்கள், தராசு பிரித்தார்கள், மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக்கூட யாருக்கென்று பேசினார்கள். மழையைப் பிரிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே? 'அவ தொட்டியில பாதி என்னோடது' — இந்த வசனத்தை நான் எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், தெரியுமா? ஒரு நாள் நல்ல சண்டை வரும், அப்போது எடுத்து வீசலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன். சண்டைதான் வரவில்லை. புஷ்பாவோடு சண்டை போடவே முடியாது. அதுவே ஒரு வயிற்றெரிச்சல்.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். கோடை முடிந்து முதல் மழை விழுமல்லவா? உடனே புஷ்பா குடையைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். பிடித்து வைக்கத்தானே என்கிறீர்களா? இல்லை! பைப்பின் அடியில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றிவிடுவாள். கூரைத் தண்ணீர் அத்தனையும் கொடகொடவென்று முட்டைக்கோஸ் பாத்தியில் கொட்டும். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். எனக்குக் குடிக்க அரைக்குடம்... இவள் மழையை வாரி இறைக்கிறாள். எவ்வளவு இருந்தால் இந்தத் திமிர் வரும் என்று பொருமுவேன்.

இப்படியே புகைந்துகொண்டு காலம் போயிருக்கும். நடுவில் என் மகள் நித்யா வந்து சேர்ந்தாள்.

அவளை மேட்டுப்பாளையத்தில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம். தாய் வீட்டில்தானே பார்க்க வேண்டும்? வளைகாப்பு முடிந்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து இறங்கினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் வந்த மறுநாள் காலை, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கே கிளம்பினாள் தெரியுமா?

"அம்மா, சின்னம்மா ஊட்டுல குளிச்சுட்டு வந்தர்றேன். அங்க தண்ணி தாராளமா இருக்குது."

போனவள் உடனே திரும்பி வந்தாளா? குளித்து, தலை உலர்த்தி, அங்கேயே இரண்டு தோசை சாப்பிட்டு, வெயில் ஏறினபிறகு வந்தாள். மறுநாளும் அப்படியே. பத்து மாசம் சுமந்து பெற்றவள் நான்... தலை துவட்டிவிடுவது புஷ்பா!

போதாக்குறைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து சம்பந்தியம்மா போன். "ஏனுங்க சம்பந்தி, அங்க தண்ணிக்குக் கஷ்டம்னு நித்யா சொன்னாளே? பொறந்த புள்ள இருக்கற ஊட்டுல தண்ணி இல்லாம எப்புடிங்க? இங்கன்னா பவானித் தண்ணி இருக்குது. ஒருக்கா வந்து பாக்கறனுங்க."

வந்து பார்க்கிறாராம்! பார்த்துவிட்டு என்ன செய்வார்? மகளைக் கூட்டிக்கொண்டு போவார். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்பினேன் என்றால் ஊரில் தலை காட்ட முடியுமா? ஊரை விடுங்கள். நித்யா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும்போது பக்கத்தில் நான் இல்லாமல்... அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, சொந்தமாகத் தண்ணீர் பிடிப்பது என்று முடிவெடுத்தேன்.

வேலைக்காரரை வரவழைத்தேன். கூரையில் மேல்வரிசைத் தகரமும் கீழ்வரிசைத் தகரமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிற இடம், சரியாக எங்கள் நடுச்சுவருக்கு மேலே வருகிறது. அங்கே மேல்தகரத்துக்கு அடியில் நீளமாக ஒரு தகர வாய்க்காலைச் செருகச் சொன்னேன். இனி என் மழை சுவரைத் தாண்டாது. வாய்க்காலிலிருந்து பைப், பைப்பிலிருந்து மூன்று நீல டிரம். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "மேகத்துக்கும் ஒரு வேலி போட்டர்றதுதானே" என்று சொல்லிவிட்டு, வேலை பார்க்கிற ஃபேக்டரிக்குப் போய்விட்டார்.

சுத்தியல் சத்தம் கேட்டுப் புஷ்பா வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். தன் தொட்டிக்கு வருகிற தண்ணீரில் பாதி போகப்போகிறது என்று அவளுக்குப் புரியாதா? கோபிப்பாள், அந்தச் சாக்கில் என் வசனத்தை எடுத்து வீசலாம் என்று நான் தயாராக நின்றேன்.

அவள் சொன்னது இதுதான்: "அக்கா, மேல கற்பூர மரம் நிக்குதுங்க. மொத மழைய விட்ருங்க."

விட்ருங்க! எப்படி இருக்கிறது பாருங்கள். நான் விட்டால் யாருக்குப் போகும்? நேராக அவள் தொட்டிக்குத்தானே? இத்தனை வருஷம் குடித்தது போதாதா? "பாக்கலாம் புஷ்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் வந்தது முதல் மழை. காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி ஓடினேன். பைப்பில் விரல் நுழைகிற ஓட்டை இருந்தாலும் துணியைச் சுற்றி அடைத்தேன். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. மூன்று டிரம்மும் தளும்பியது. மூடி போட்டு, மூடிமேல் கல்லையும் தூக்கி வைத்தேன். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் புஷ்பா வழக்கம்போல மூடியைக் கழற்றிப் பாத்திக்கு விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்ததே பாதி மழை, அதையும் கொட்டுகிறாளே... பைத்தியக்காரி என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷமாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வந்தார்.

"வாங்க, வாங்க" என்று டிரம்களைத்தான் முதலில் காட்டினேன். தங்க நகையைக் காட்டுகிற மாதிரி தட்டிக் காட்டினேன். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. உள்ளே உட்காரவைத்துவிட்டுக் காபி போட்டேன். நாங்கள் டீக்காரர்கள். காபியை நான் வாயில் வைப்பதில்லை, சம்பந்திக்காகத்தான் பொடி வாங்கி வைத்திருந்தேன். தண்ணீர்? என் மழைத் தண்ணீர்தான். துணியில் வடிகட்டும்போது கொஞ்சம் பழுப்பாக இருந்தது. காபியும் பழுப்புத்தானே என்று கொதிக்க வைத்துவிட்டேன். அன்று காலை அதே தண்ணீரில் டீ குடித்த வீட்டுக்காரர், "தூள மாத்துனியா?" என்று கேட்டார். அதையாவது நான் காதில் வாங்கியிருக்கலாம்.

சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க... காபியில தைலம் கிய்லம் போட்டிருக்கறீங்களா?"

என்ன தைலம்? டம்ளரை எடுத்து மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? வீட்டுக்கு மேலே ரோட்டோரம் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அந்த வாசத்திலேயே கிடக்கிற மூக்கு இது. கோடை முழுக்க அந்த மரம் கூரையில் உதிர்த்த இலையையெல்லாம் முதல் மழை அடித்துக்கொண்டு வந்து என் டிரம்மில் சேர்த்திருக்கிறது. நான் மூடிமேல் கல்லை வைத்துப் பக்குவமாக ஊறவைத்திருக்கிறேன். நீலகிரித் தைலம் காய்ச்சுகிறவர்கள்கூட இவ்வளவு அக்கறையாகச் செய்வார்களா என்று தெரியாது.

சம்பந்தியம்மா எழுந்து போய் டிரம் மூடியைத் திறந்தார். உள்ளே இலையும் தழையும், குரங்கு கூரையில் போட்டு வைத்த இன்னும் என்னென்னவோ மிதந்தன. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தண்ணியிலயா புள்ளயக் குளிப்பாட்டுவீங்க? நித்யா, துணிமணிய எடுத்து வெய்யி கண்ணு. நம்ம ஊட்டுக்குப் போயிரலாம்."

நித்யாவைப் பார்த்தேன். அவள் எனக்காகப் பேசினாள்... எப்படிப் பேசினாள் என்று கேளுங்கள்.

"இல்லைங்கத்தை, நான் குளிக்கறதெல்லாம் சின்னம்மா ஊட்டுலதான். ஒண்ணும் கஷ்டமில்லை."

அதற்கு அவள் பேசாமலே இருந்திருக்கலாம்.

"தினமும் பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு அடுத்த ஊட்டுக்கா போவே?" என்றார் சம்பந்தியம்மா. நியாயமான கேள்வி. நித்யா எழுந்து அலமாரியைத் திறந்தாள். அந்த அலமாரிக் கதவு கிறீச்சிட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது.

கிடங்குச் சுவர் ஒற்றைச் செங்கல். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் 'நூறு' என்பார்கள். புஷ்பா எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். கையில் தூக்குப்போசியும் டம்ளருமாக உள்ளே வந்தாள். சம்பந்தியம்மாவுக்கு ஆவி பறக்கும் காபியை ஊற்றிக் கொடுத்தாள்.

"இதக் குடிங்க. டிரம்முல இருக்கறது மொத மழைத் தண்ணிங்க, கூரை கழுவுனது. அது செடிக்குத்தான். அக்காவோட நல்ல தண்ணி எங்க தொட்டியில இருக்குதுங்க."

"அக்காவோடதா?" என்றார் சம்பந்தியம்மா.

"ஆமாங்க. ரெண்டு ஊட்டுக்கும் கூரை ஒண்ணுதானுங்களே? மேக்கூரைத் தண்ணியும் இத்தன வருஷமா எங்க பக்கம்தான் எறங்குது. போன ஐப்பசித் தண்ணி இன்னும் இருக்குது. அதுல பாதி அக்காளுதுங்க. சுவத்துல ஒரு ஓட்டை போட்டுப் பைப்பை இந்தப் பக்கம் விட்டா முடிஞ்சுது. புள்ளய எதுக்குங்க வெளிய தூக்கோணும்?"

கேட்டீர்களா? என் வசனம்! வருஷக்கணக்காக நான் தீட்டித் தீட்டி வைத்திருந்த என் வசனம்! 'பாதி என்னோடது' என்று நான் வீச வேண்டியதை, 'பாதி உங்களோடது' என்று அவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு என்ன வந்தது தெரியுமா? நன்றி வந்தது, உண்மைதான். கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வந்தது பொறாமை. இதைக்கூட இவள்தான் முதலில் சொல்ல வேண்டுமா?

சம்பந்தியம்மா பின்பக்கம் போனார். சிலாப்பின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடித்தரை தெரிந்தது. ஒரு டம்ளர் மொண்டு குடித்தார்.

"நல்லாருக்குதே! அப்புடியே பவானித் தண்ணியாட்டவே இருக்குதுங்க."

பவானி மாதிரியா? பவானியே நாங்கள் அனுப்புகிற தண்ணீர்தானம்மா என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு ஒரு நாளைக்கு நான் பட்ட அவமானம் போதும்.

"சரி கண்ணு, நீ அம்மாகூடவே இரு" என்றார் நித்யாவிடம். அலமாரி மூடப்பட்டது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அவர் பஸ் ஏறினபிறகு புஷ்பாவிடம் கேட்டேன். "மொத மழைய விட்ருங்கன்னியே... உன் தொட்டிக்கு விடச் சொல்றேன்னு நெனச்சுட்டேன் புஷ்பா."

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஐயோ அக்கா! மொத மழை கூரைக்குங்க. அது குளிக்கோணுமல்ல? அதுக்கு விட்டாத்தான் அடுத்த மழை நமக்கு."

நீங்களே யோசித்துப் பாருங்கள். பொறாமைக்காரருக்கு 'விடு' என்ற சொல் காதில் விழுந்தாலே 'எனக்குக் கொடு' என்றுதான் கேட்கும். பங்காளி வீடுகளில் பாதிச் சண்டை இப்படித்தான் வருகிறது என்று நினைக்கிறேன். மீதிப் பாதி... புஷ்பா மாதிரி ஆட்கள் சண்டைக்கே வராமல் நம்மை எரிச்சல்படுத்துவதால் வருகிறது.

சுவரில் ஓட்டை போட்டது என் வீட்டுக்காரர். இவ்வளவு உற்சாகமாக அவர் வீட்டு வேலை செய்து நான் பார்த்ததில்லை. கூரை நடுவில் செருகின வாய்க்காலையும் அவரே பிடுங்கி எறிந்தார். இப்போது என் சமையலறையில் ஒரு குழாய் இருக்கிறது. திறந்தால் காற்று வருவதில்லை. டிரம்கள் மூன்றும் புஷ்பா பக்கத்துப் பைப் மூடிக்கு அடியில் நிற்கின்றன, முதல் மழையைச் செடிக்குப் பிடிப்பதற்காக.

நித்யாவுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

இந்தப் பத்தியைப் புஷ்பா படிப்பாள். வாராவாரம் படிப்பாள். போன வாரம்கூட எழுத்துப்பிழை ஒன்று கண்டுபிடித்துச் சொன்னாள், அதற்கும் எனக்கு எரிச்சல்தான். ஆகவே இதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும்.

நேற்றுக் காலை. வெளியே நல்ல மழை. முற்றத்து மறைப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் தேய்த்தது நான். மூக்கு நீவினது நான். கால் மரத்துப்போனது எனக்கு. புஷ்பா பக்கத்தில் நின்று சொம்பில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். குழந்தை கண்ணை மலர்த்திப் பார்த்தது. பொக்கை வாயைத் திறந்து முதன்முதலாகச் சிரித்தது.

யாரைப் பார்த்து?

"அம்மா! பாப்பா சின்னம்மாவப் பாத்துச் சிரிக்கறா!" நித்யா அந்தப் பக்கம் குதிக்கிறாள்.

புஷ்பா என் முகத்தைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். "அது வெறும் வாயுச் சிரிப்புங்க்கா" என்றாள் அவசர அவசரமாக. பாருங்கள், இதிலும் எனக்கே விட்டுக்கொடுக்கிறாள்!

"இருக்கட்டும் புஷ்பா" என்றேன். "மொத மழைதானே... விட்டுட்டேன்."